கால அட்டவணையும் என் ஒரிஜினல்களும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பி.இ. பட்டம், எம்.இ. பட்டம். மொத்தம் ஐந்து காகிதங்கள். ஐந்தும் ஆறு வருடங்களாக எங்கள் கல்லூரித் தாளாளரின் அறையில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்ற பச்சை நிற இரும்பு பீரோவில் இருந்தன. நான் வேலையில் சேர்ந்த அன்றே ஒரு பழுப்பு உறையில் போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள். "பத்திரமா இருக்குமுங்க மேடம்" என்றார் தாளாளர்.

அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். காய்கறிக் கமிஷன் மண்டியில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாட்ச்மேனைக்கூட வாங்க, போங்க என்பார். அந்த மரியாதைதான் எனக்கு வாய்த்த பெரிய தொல்லை. கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். எதைக் கேட்டாலும் "இருக்கட்டுங்களே, எங்க போயிரப் போகுது" என்று சிரிக்கிறவரிடம் என்ன செய்வது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

தனியார் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டால் ஆசிரியர் பாதி வருடத்தில் ஓடிவிட மாட்டார். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பற்றித்தான் ஆவேசமாகப் பேசுவோம். டிபன் பாக்ஸை மூடியதும் வகுப்புக்குப் போய்விடுவோம். புகார் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது, அடுத்த கல்லூரியில் ஒரு போன் போட்டு விசாரிப்பார்கள் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் இருந்தது. வாய்ச்சவடால் அடித்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருடம் அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் வேலைக்கான தேர்வைக் கல்லூரியில் யாருக்கும் சொல்லாமல் எழுதியிருந்தேன். தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னைக்கு வரச் சொல்லி ஒரு திங்கட்கிழமை அழைப்பு வந்தது. போக வேண்டியது அதிலிருந்து இருபத்து நான்காம் நாள், ஒரு வியாழன். அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருபவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. என் கணவர் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவரும் பி.இ. தான், மெக்கானிக்கல். ஒன்றரை வருடம் ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார், மில்லை மூடிவிட்டார்கள், கடை போட்டார். "லேமினேஷன் போட்ரவா?" என்று கேட்டார். சந்தோஷம் வந்தால் அவர் எதையாவது லேமினேஷன் போட்டுவிடுவார். எங்கள் வீட்டு கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம் அப்படித்தான் ஆனது.

மறுநாளே தாளாளரிடம் போனேன். அழைப்பைப் படித்தார். எழுந்து நின்று வாழ்த்தினார். "ரொம்பச் சந்தோசமுங்க மேடம். நம்ம காலேஜுக்குத்தான பெருமை" என்றார். பிறகு உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. டைம் டேபிள் புரோகிராம்ல அந்த இழுத்துப் போடுறத மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க. கமிட்டி வருதுங்க. அது முடிஞ்சதும் உங்க கவர எடுத்துட்டுப் போயிருங்க."

கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது, என் வியாழனுக்கு மூன்று நாள் முன்னால். தாளாளர் கோயம்புத்தூரில் உறவினர் ஒருவரின் கல்லூரிக்குப் போயிருந்தபோது, அங்கே யாரோ ஒருவர் திங்கட்கிழமை வகுப்பு ஒன்றை மவுஸால் பிடித்து வியாழக்கிழமைக்கு இழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அதே நினைப்பு. என்னிடம் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் நான் நழுவியிருந்தேன்.

நழுவியதற்குக் காரணம் என் பழைய திமிர்தான். கல்லூரியின் டைம் டேபிள் புரோகிராமை எழுதியவள் நான். திரையில் தெரியும் பட்டன், பெட்டி, பட்டியல் ஒவ்வொன்றையும் கண்ட்ரோல் என்போம். எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். கட்டம் கட்டமான அட்டவணையும் கிடைக்கும். எனக்கு அதன் முகம் பிடிக்கவில்லை. சேர்ந்த புதிதில் நான் யார் என்று காட்ட வேண்டுமில்லையா, சொந்தமாக ஒரு கண்ட்ரோல் செய்தேன். ஒவ்வொரு கோட்டையும், ஒவ்வொரு நிறத்தையும், ஒவ்வொரு எழுத்தையும் நானே வரைந்தேன். பார்க்க அழகான பலகை. உண்மையில் அது வெறும் படம். திங்கட்கிழமை மூன்றாம் மணி என்ற ஒரு கட்டம் தனக்குள் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அங்கே மவுஸை அழுத்தினால், இடமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளி யாரோ அழுத்தினார்கள் என்று மட்டும் சொல்லும். மற்றதை நான்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, ஒரு வகுப்பை இழுத்து வைப்பதற்கு எல்லாவற்றையும் அதற்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. அழுத்தியது எந்தக் கட்டத்தில், அழுத்தியவர் தூக்குகிறாரா அல்லது சும்மா தொட்டாரா, தூக்கிக்கொண்டு எந்தக் கட்டத்துக்கு மேலே போகிறார், அங்கே இறக்க அனுமதி உண்டா, விரலை விட்டதும் என்ன ஆக வேண்டும். என் வியாழனுக்கு இருபத்து மூன்று நாள், கமிட்டிக்கு இருபதே நாள். அதிலும் பகலில் நாலு மணி நேரம் வகுப்பு, ஒரு லேப். மீதி நேரம் லேபின் கடைசி மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

இந்தப் புரோகிராமைப் பயன்படுத்தப் போகிறவர் ஒரே ஒரு ஆள். கணிதப் பேராசிரியர், டைம் டேபிள் பொறுப்பாளர். சின்னாளபட்டியிலிருந்து வருவார். என் புரோகிராம் வந்த பிறகும் அவர் பழைய சார்ட்டை விடவில்லை. ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு, வகுப்புக்கு ஒரு நிறமாகத் துண்டுக் காகிதம் குத்தி வைத்திருப்பார். ஒரு துண்டை எடுப்பார். எங்கே வைப்பது என்று தெரியாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவார். வந்து வேறொன்றை எடுப்பார். அதுவும் பைக்குள் போகும். நாள் முழுக்க மூன்று நான்கு வகுப்புகள் அவர் நெஞ்சோடு ஊர் சுற்றும். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு என் புரோகிராமில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார், தப்பும் தவறுமாக. அந்தத் தப்பையெல்லாம் என் புரோகிராம் கணக்கில் எழுதிவிடுவார்.

முதல் வாரத்தில் இழுக்க வைத்துவிட்டேன். பிடித்தால் கட்டம் மவுஸோடு வந்தது, விட்டால் போன இடத்தில் உட்கார்ந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பேராசிரியரின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். புதன்கிழமை மூன்றாம் மணிக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தாளாளர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், புள்ளைங்க காத்துட்டு இருக்காங்களே."

"எனக்கு இந்த மணி இல்ல சார். போர்டுல பாத்தேன்."

"நானும் பாத்தேனுங்க. போர்டுல யாரும் இல்ல. ஆனா புள்ளைங்க இருக்காங்களே" என்று சிரித்தார்.

என்னுடைய மூன்றாம் வருட வகுப்புதான். அன்று காலை ஒட்டிய புது டைம் டேபிளில் அந்த வகுப்பு நாலாம் மணிக்கு இடம் மாறியிருந்தது. அங்கே ஏற்கெனவே வேறொருவர் இருந்தார். ஆறு மாதமாகப் புதன் மூன்றாம் மணிக்குப் போய்க்கொண்டிருந்த வகுப்பு. என் மூளை சொன்னதை நம்பாமல், நான் எழுதிய புரோகிராம் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே பேராசிரியரிடம் போனேன்.

"ஏம்மா, நான் இழுக்கவே இல்ல. எந்த ரூமுன்னு பாக்கத் தொட்டேன், அம்புட்டுதான். அதுவா ஓடிப்போச்சு" என்றார்.

அவர் தொடுவதை நின்று பார்த்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற மாதிரி மவுஸின் மேல் ஓங்கி ஒரு குத்து. குத்தும்போது மவுஸ் ஒரு இழை நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு இழையை நான் இழுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். தொடுவதற்கும் இழுப்பதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்பது இந்த வேலையில் பாலபாடம். அழுத்திய இடத்திலிருந்து இத்தனை புள்ளி நகர்ந்தால்தான் தூக்கியதாக அர்த்தம் என்று வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. பொதுவாக நாலைந்து புள்ளி போதும். பேராசிரியரின் கைக்கு அது காணாது என்று பன்னிரண்டு வைத்தேன்.

அடுத்த சண்டை போன் விஷயத்தில். ஒரு கட்டத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், விரலை விடும் வரை பிடித்தே இருக்க வேண்டும். புரோகிராமும் அப்படித்தான். இழுப்பு தொடங்கும் வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். பிடித்தவர் விட்டால்தான் அடுத்த வரிக்குப் போகும். வழிகாட்டிக் குறிப்பில் இதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. என் நிலைமையை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. பேராசிரியர் கட்டத்தைப் பிடிப்பார், சுட்டுவிரல் விறைத்துக்கொண்டு நிற்கும், இரண்டாம் வருடத்தைப் பார்ப்பார், மூன்றாம் வருடத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அதற்குள் போன் அடிக்கும். வலது கையால்தான் எடுப்பார். வகுப்பு பொத்தென்று வெள்ளிக்கிழமை முதல் மணியில் விழும்.

"சட்டைப் பையில போட்டு வைக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏது சார் சட்டைப் பை?"

"நீதான வரையிற. ஒரு பையையும் வரைஞ்சிரு."

எனக்குக் கோபம் வந்தது. வியாழனுக்குப் பதிமூன்று நாள்தான் இருந்தது. ஆனால் போனைத் தடுக்க என்னால் முடியாது, டீயைத் தடுக்க யாராலும் முடியாது. பலகைக்குக் கீழே ஒரு நீளமான பட்டை வரைந்தேன். பிடித்ததை அங்கே போட்டால் அது விழாது, தொலையாது, எடுக்கும் வரை இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். அதைக் கொடுத்த அன்று பேராசிரியர் சார்ட்டிலிருந்து காகிதங்களை எடுத்து ஒரு ரப்பர் பேண்டு போட்டு டிராயரில் வைத்துப் பூட்டினார். அந்தப் புரோகிராமிலேயே உருப்படியான விஷயம் அந்தப் பட்டைதான். அது என் யோசனை இல்லை என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் என் கணவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கல்லூரி பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்காருவேன். பழனி ரோட்டில் இரண்டு பக்கமும் சோளக்காடு, தென்னந்தோப்பு, தூரத்தில் மலை என்று எல்லாம் திறந்துதான் கிடக்கும். எனக்கு அந்தப் பச்சை பீரோ மட்டும்தான் கண்ணுக்குள் நிற்கும். எதற்காவது தாளாளர் அறைக்குப் போனால் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே அதன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

வியாழனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவரே லேபுக்கு வந்தார். "நான் ஒருக்கா இழுத்துப் பாக்கலாமுங்களா?" என்று அனுமதி கேட்டு உட்கார்ந்தார். செவ்வாய் இரண்டாம் மணியில் இருந்த இயற்பியலைப் பிடித்து வெள்ளி முதல் மணிக்குக் கொண்டுபோனார். அங்கே வேறொரு வகுப்பு இருந்தது. ஆள் இருக்கும் இடத்தில் இறக்கக் கூடாது என்று நான் எழுதியிருந்ததால் மவுஸ் ஒரு வட்டமும் குறுக்குக்கோடுமாக மாறியது.

"ஏனுங்க மேடம், வேண்டாங்குதே."

"அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு சார்."

"இருந்தா என்னங்க? அவர எடுத்து இவர் இருந்த எடத்துல வச்சிருங்க. காலியா மட்டும் ஒரு எடம் இருக்கக் கூடாதுங்க. கமிட்டிக்காரங்க முன்னால வேண்டாம்னு காட்டுனா நல்லாவா இருக்கும்?"

எழுந்து போய்விட்டார். சொல்வது சுலபம். மாற்றி வைக்கப்படும் ஆசிரியருக்கு அந்தச் செவ்வாய் இரண்டாம் மணியில் இன்னொரு வகுப்பு இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டும். லேப் என்றால் மூன்று மணி சேர்ந்தாற்போல் வரும். அந்த மூன்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போகும்போதே எங்கே இறக்கலாம், எங்கே கூடாது என்று பச்சையும் சிவப்பும் காட்ட வேண்டும். அது தடுமாறாமல் ஓடுவதற்குள் எனக்கு உயிர் போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளையை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கணவரின் ஜெராக்ஸ் கடையின் பின்பக்க மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முன்னால் மெஷின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும். யார் யாருடைய சான்றிதழோ வெளிச்சம் பட்டுப் பட்டு வெளியே வந்துகொண்டிருக்கும். எல்லோர் கையிலும் ஒரிஜினல் இருந்தது. பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. நான்கு பேர். தாளாளர் என்னை முன்னால் நிறுத்தினார். நான் ஒரு வகுப்பைப் பிடித்தேன், இழுத்தேன், ஆள் இருந்த கட்டத்தின் மேல் விட்டேன். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். வாங்கியதா, செய்ததா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "நம்ம மேடம் செஞ்சதுங்க. நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்றார் தாளாளர். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி பரவியது. கைதட்டலுக்காக இல்லை. நாளைக்கு உறை கையில் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக அவர் அறைக்குப் போனேன். அவரும் மறக்கவில்லை. சாவி எடுத்துப் பீரோவைத் திறந்தார். நூற்றுக்கணக்கான பழுப்பு உறைகள் அடுக்கடுக்காக நின்றன. துறை வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். என்னுடையதை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுக்குப் பதிலா என்ன கொண்டாந்தீங்க மேடம்?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். யார் ஒரிஜினலை வெளியே எடுத்தாலும், அது திரும்பி வரும் வரைக்கும் வேறு யாராவது ஒருவருடைய ஒரிஜினல் பட்டம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். எப்போதும் உள்ள வழக்கம் இது. இதற்கு முன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தவர், வங்கிக்கு எடுத்தவர் எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்களாம். நான் ஒருநாளும் எடுக்காததால் எனக்குத் தெரியவில்லை.

"சார், புரோகிராம முடிச்சுக் குடுத்தா தர்றேன்னு சொன்னீங்க."

"தரமாட்டேன்னு யாருங்க சொன்னது? உங்க மேல நம்பிக்கை இல்லாமயா? டிரஸ்ட்ல நாலு பேருக்கு நான் பதில் சொல்லணுமுங்களே. யாரோடதாச்சும் ஒண்ணு வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க. இதத் திரும்பக் கொண்டாந்து வச்சா அத வாங்கிக்கலாம்."

யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்த படித்தவர்கள் எல்லோருடைய பட்டமும் அதே பீரோவில்தான் இருந்தது. கல்லூரி பஸ்கள் நிற்கும் ஷெட்டுக்குப் போய், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று அழுதேன். துக்கம் இல்லை, கோபம். மூன்று வாரம் அந்த ஆளுக்காகக் கட்டங்களை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். நான் சென்னைக்குப் போகவில்லை என்றேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"அழுகாத. செத்த நேரம் அங்கேயே இரு. வாரேன்."

கடையைப் பூட்டிவிட்டு மதிய வெயிலில் வண்டியில் வந்தார். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. பைக்குள் அவருடைய பி.இ. பட்டம், பிளாஸ்டிக் உறையில், மடிப்புக்கூட விழாமல்.

"இத ஏங்க எடுத்துட்டு வந்தீங்க?"

"வீட்லயும் பீரோவுலதான் கெடக்கு. இங்கயும் பீரோதான. அம்புட்டுதான், வா" என்றார்.

தாளாளர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். எந்த வருடம் படித்தீர்கள், எந்தக் கல்லூரி, இப்போது என்ன தொழில் என்று அக்கறையாக விசாரித்தார். "மெக்கானிக்கலுங்களா, நல்ல படிப்பு" என்றார். என் கணவர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். பட்டத்தை ஒரு புதுப் பழுப்பு உறையில் போட்டு, மேலே என் பெயரை எழுதி, என் துறை அடுக்கில் நான் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்னையில் என் முறை வந்தபோது நான்கு நிமிடம்தான் ஆனது. ஒரு அம்மா ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைத் திருப்பித் தந்தார். திரும்பி வருகிற ரயிலில் உறையை மடியிலேயே வைத்திருந்தேன். தூங்கவில்லை. இதைத் திருப்பி வைத்தால் அவருடையது வெளியே வரும். ஆனால் வேலை உத்தரவு வந்தால் சில நாட்களுக்குள் இதே காகிதங்களோடு போய்ச் சேர வேண்டும். அப்போது மறுபடி அந்தப் பீரோ முன்னால் நிற்க வேண்டும்.

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வெளியே வண்டியோடு நின்றிருந்தார். ஏறி உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னார்.

"கொண்டுபோய் வச்சிராத. கையிலயே வச்சிக்க."

"அப்ப உங்களோடது?"

"என்னோடத இப்ப யாரு கேக்குறா."

"அப்படிச் சொல்லாதீங்க. நாளைக்கே வச்சிட்டு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றேன். வேண்டாம் என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. எனக்கு அந்த உறையை விட மனமில்லை என்பதுதான் உண்மை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. இப்போது நான் அரசு பாலிடெக்னிக்கில் இருக்கிறேன். விலகல் கடிதம் கொடுத்த அன்று தாளாளர் எனக்கு இனிப்பு கொடுத்தார். என் கணவரின் பட்டத்தைக் கேட்டேன். "புரோகிராமை யார் கையிலயாவது ஒப்படைச்சிட்டு வாங்கிக்கோங்க மேடம்" என்றார். நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. யாரிடம் ஒப்படைப்பது? ரெடிமேட் அட்டவணையாக இருந்தால் எந்தப் புதுப் பெண்ணும் பார்த்துக்கொள்வாள். நான் வரைந்த படத்தைத் திறந்து பார்த்த மூன்று பேர் மூடி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பேராசிரியரிடமிருந்து போன் வருகிறது. "ஏம்மா, புது கம்ப்யூட்டர்ல பை தெரிய மாட்டேங்குது." விடுமுறை நாளில் போய்ச் சரிசெய்து கொடுக்கிறேன். போகும்போதெல்லாம் பட்டத்தைக் கேட்கிறேன். எங்கே போய்விடப் போகிறது என்கிறார் தாளாளர்.

புகார் கொடுக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அரசு வேலையில் இருக்கிற எனக்கு இனி என்ன பயம்? ஒருமுறை எழுதியும் வைத்தேன். என் கணவர் வேண்டாம் என்றார். அந்தக் கல்லூரியின் வினாத்தாள், நோட்டீஸ் அத்தனையும் இப்போது இவர் கடையில்தான் ஜெராக்ஸ் ஆகிறது. அன்று டீ குடித்தபோது விசாரித்ததை மறக்காமல் தாளாளர் செய்து கொடுத்த ஏற்பாடு அது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். கூட்டம் இல்லை. அவர் கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பம் அவர் நிரப்புவதுதான், அதனால் நான் முதலில் கவனிக்கவில்லை. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் புதிதாகத் தொடங்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு மெக்கானிக்கல் பயிற்றுநர் வேண்டுமாம். பெயர் இருந்த கட்டத்தில் அவருடைய பெயர் இருந்தது. படிப்பு, வருடம், மில்லில் பார்த்த ஒன்றரை வருடம், எல்லாம் பூர்த்தியாகியிருந்தது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. கடைசிக்கு முந்திய கேள்வி, அசல் சான்றிதழ்கள் கைவசம் உள்ளனவா. ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். மவுஸ் அந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

'இல்லை' என்பதை அழுத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போகாமல் விண்ணப்பத்தை அப்படியே மூடினார். நாற்காலியைத் திருப்பியவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. தூக்குச்சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ சாப்டியா?" என்று கேட்டார்.